வாசகர் கேள்வி – பதில்: தொலைதூர இணைப்புகளும் மாறுநிலையும்

சென்ற இதழில், இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் தன் காந்தத்தன்மையை இழப்பது பற்றிய கேள்விக்கு விடை எழுதியபோது, அணுக்காந்தங்கள் அண்டையில் உள்ளவற்றோடு மட்டுமின்றித் தொலைவில் உள்ளவற்றோடும் தொடர்பு கொண்டால், ஒழுங்கான நிலையிலிருந்து ஒழுங்கற்ற நிலைக்குச் செல்லும் நிலைமாற்றத்தின் தன்மையே வேறாகிவிடும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பற்றியே தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஒரே வரிசையில் அமைந்த காந்தங்களுக்கு நிலைமாற்றமே கிடையாது என்று கல்லூரியில் படித்தேன். தொலைதூரத் தொடர்பு இருந்தால் மட்டும் அது எப்படி வந்துவிடும்? வரிசை அதே வரிசைதானே, ஐயா?
(மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: தாங்கள் படித்தது சரிதான். அண்டைக் காந்தங்களுக்கு இடையே மட்டும் தொடர்பு உண்டு என்ற நிபந்தனையின் கீழ் அது சரி. அந்த நிபந்தனையைத் தளர்த்தும்போது என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க, முதலில் பழைய முடிவுக்கான காரணத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு காந்தமும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மட்டும் நிற்கலாம், அருகருகே உள்ள இரண்டும் ஒரே திசையில் நின்றால் ஆற்றல் குறையும் என்ற எளிய மாதிரியை 1920இல் வில்ஹெல்ம் லென்ஸ் முன்வைத்தார். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் ஒற்றை வரிசைக்கு அதைத் தீர்த்து, 1925இல் வெளியிட்டார். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் வரிசை தானாகக் காந்தமாகாது என்பது அவர் கண்ட முடிவு. வரிசையை ஓர் இடத்தில் முறித்து, இடப்பக்கம் முழுவதும் மேல்நோக்கியும் வலப்பக்கம் முழுவதும் கீழ்நோக்கியும் இருப்பதாகக் கொள்வோம். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், இந்த முறிவுக்கான ஆற்றல் செலவு அந்த ஒரே சந்திப்பில் மட்டும் விழுகிறது. ஆகவே அது மாறாத ஒரு சிறு தொகை. முறிவை எந்த இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், அதனால் கிடைக்கும் என்ட்ரோபி (எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) காந்தங்களின் எண்ணிக்கையின் மடக்கையாக வளர்கிறது. செலவு நிலையானது, வரவு வளர்வது. எனவே வெப்பநிலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதிய நீளமுள்ள வரிசையில் முறிவுகள் தோன்றியே தீரும், ஒழுங்கு சிதைந்தே தீரும். உயர்ந்த பரிமாணங்களிலும் இதே நிலைதான் இருக்கும் என்று ஈசிங் கருதினார். தளத்தில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டுமானால் அதன் எல்லைக்கோட்டின் நீளம் முழுவதற்கும் செலவு செய்ய வேண்டும் என்பதை 1936இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் எடுத்துக்காட்டிய பிறகே, இரு பரிமாணத்தில் ஒழுங்கு நிலைக்கும் என்பது தெளிவாயிற்று. 1944இல் லார்ஸ் ஆன்சாகர் அதற்குத் துல்லியமான தீர்வையும் கண்டார்.

இப்போது தொலைதூரத் தொடர்பைச் சேர்ப்போம். ஒரு காந்தம் வரிசையில் உள்ள மற்ற எல்லாக் காந்தங்களோடும் தொடர்பு கொள்கிறது, ஆனால் தொடர்பின் வலிமை தொலைவின் ஏதோ ஓர் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கைத் 'தேய்வு அடுக்கு' என்று இப்பகுதி முழுவதும் அழைக்கிறேன். தேய்வு அடுக்கு 2 என்றால், தொலைவு இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். முறிவுக்கு இருபுறமும் நிற்கும் இணைகளை எண்ணிப் பாருங்கள்: ஒன்றுக்கொன்று 1 அலகு தொலைவில் உள்ள இணை ஒன்றுதான் முறிவைத் தாண்டி நிற்கிறது, 2 அலகில் இரண்டு இணைகள், 10 அலகில் பத்து இணைகள். ஒவ்வோர் இணையும் தனித்தனியே வலுக்குறைந்தாலும், தொலைவு கூடக்கூட இணைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆகவே முறிவின் மொத்தச் செலவு, தேய்வு அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் அடுக்கைக் கொண்ட ஒரு தொடரின் கூட்டுத்தொகையாகிறது.

தேய்வு அடுக்கு 2க்கு மேல் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும். ஈசிங்கின் முடிவே நிலைக்கும், ஒழுங்கு இல்லை. அது 1க்கும் 2க்கும் இடையில் இருந்தால், கூட்டுத்தொகை வரிசையின் நீளத்தோடு ஓர் அடுக்கு விதிப்படி வளர்ந்து மடக்கையை எளிதில் முந்திவிடும். முறிவதால் வரும் வரவு செலவுக்கு ஈடாகாது, தாழ்ந்த வெப்பநிலையில் ஒழுங்கு நிலைத்துவிடும். 1க்குக் கீழே சென்றால் ஒரு காந்தத்தின் மீது விழும் மொத்த வலிமையே முடிவின்றிப் பெருகும் என்பதால், வலிமையை வரிசையின் அளவுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளாமல் கணக்கிடுவதில் பொருளில்லை.

சரியாக 2 என்னும் எல்லைதான் இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது. அங்கே கூட்டுத்தொகை 1 + 1/2 + 1/3 என்று செல்லும் தொடராகிறது. அது முடிவின்றி வளர்கிறது, ஆனால் மடக்கையின் வேகத்தில்தான் வளர்கிறது. செலவும் மடக்கை, வரவும் மடக்கை. இரண்டின் கெழுக்களில் எது பெரிது என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. 1969இல் டேவிட் தவ்லஸ் இந்த வாதத்தைக் கூர்மையாக்கி, இந்த எல்லையில் காந்தமாக்கம் படிப்படியாகச் சுழியை அடையாமல், ஒழுங்கு மறையும் மாறுநிலை வெப்பநிலையில் ஒரு குறிப்பிட்ட மதிப்பிலிருந்து சட்டெனச் சுழிக்குத் தாவும் என்று கண்டார். வழக்கமாக இத்தகைய தாவல் நீர் கொதிப்பது போன்ற மாற்றங்களில் மறைவெப்பத்தோடு சேர்ந்து வருவது. இங்கே மறைவெப்பம் இல்லை, தாவல் மட்டும் உண்டு. பின்னாளில் இருபரிமாணப் பொருள்களின் நிலைமாற்றங்களுக்காக 2016இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இதே தவ்லஸ்தான்.

இவை வெறும் மதிப்பீட்டு வாதங்களாக நின்றுவிடவில்லை. தேய்வு அடுக்கு 2க்கு மேல் மாற்றம் இல்லை என்பதை 1968இல் டேவிட் ரூவெலும், 1க்கும் 2க்கும் இடையில் மாற்றம் உண்டு என்பதை 1969இல் ஃப்ரீமன் டைசனும் நிறுவினர். சரியாக 2இல் மாற்றம் உண்டு என்பதற்கான நிறுவல் 1982இல்தான், ஃப்ரோலிக், ஸ்பென்சர் ஆகிய இருவராலும் வந்தது. தவ்லஸ் சொன்ன தாவல் 1988இல் நிறுவப்பட்டது. ஆகவே, அம்மா, வரிசை அதே வரிசைதான். ஆனால் முறிவுக்கான செலவு நீளத்தோடு வளரத் தொடங்கியவுடன் அது இயல்பில் வேறு பொருளாகிவிடுகிறது.

கேள்வி: வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் கிளை வாய்க்காலை ஒட்டி வயல்கள் ஒரே வரிசையாக உள்ளன. பக்கத்து வயல்காரர் நேரடி விதைப்புச் செய்தால் நாமும் அதையே செய்கிறோம். அவர் நாற்று விட்டால் நாமும் விடுகிறோம். இப்போது கைபேசி வந்தபின் சிலர் சீர்காழிப் பக்கத்து உறவினரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். தாங்கள் சொல்லும் கணக்கு இதற்குப் பொருந்துமா?
(விவசாயி, நீடாமங்கலம் வட்டம்)

பதில்: ஓரளவு நன்றாகவே பொருந்தும், எந்த அளவுக்கு என்பதைக் கவனமாகப் பிரித்துச் சொல்கிறேன். அண்டை வயல்கள் ஒத்துப்போவதற்குத் தங்கள் ஊரில் உண்மையான காரணங்கள் உண்டு. ஒருவர் வயலில் கதிர் முற்றித் தண்ணீரை வடிக்க வேண்டிய நேரத்தில் அடுத்தவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் இருவருக்கும் தொல்லை. அறுவடை இயந்திரம் உள் வயலுக்குப் போக வழி வேண்டும். தனியாக முன்னே விளைந்த வயலைத்தான் எலியும் பறவையும் முதலில் தாக்கும். இவையே ஒத்துப்போவதற்கான 'தொடர்பு வலிமை'. விதை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை, கையில் பணம் இல்லை என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே இழுக்கும் காரணங்கள் வெப்பநிலையின் இடத்தில் நிற்கின்றன.

வாய்க்காலை ஒட்டி அண்டை வயல்களுக்குள் மட்டும் தொடர்பு இருந்தால், ஈசிங்கின் முடிவுப்படி, நீண்ட வாய்க்காலில் ஒரே முடிவு முழுவதும் பரவாது. இங்கே நான்கைந்து வயல்கள் நடவு, அங்கே ஏழெட்டு வயல்கள் விதைப்பு என்று துண்டு துண்டாகவே இருக்கும். இவ்வாறு ஒத்த முடிவு நீடிக்கும் சராசரித் தொலைவை ஒட்டுறவு நீளம் என்கிறோம். இப்போது வாய்க்காலில் அங்கங்கே சிலருக்கு மட்டும், வாய்க்காலின் மற்றொரு கோடியில் உள்ள யாரோ ஒருவரோடு, அண்டை வயல்காரரோடு உள்ள அதே வலிமையில் இணைப்பு ஏற்படுகிறது என்று கொள்வோம். 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸ் ஆகிய இருவரும் ஆராய்ந்த 'சிற்றுலக' வலையமைப்பு இதுவே. அத்தகைய வலையமைப்பில் ஈசிங் மாதிரியைப் பாரட், வைக்ட் ஆகியோர் 2000இல் கணக்கிட்டபோது, குறுக்கிணைப்புகளின் பங்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அது சுழியாக இல்லாதவரை, போதிய அளவு பெரிய வலையில் நிலைமாற்றம் உண்டு என்று கண்டார்கள். ஒட்டுறவு நீளம், ஒரு குறுக்கிணைப்புக்கும் அடுத்த குறுக்கிணைப்புக்கும் இடையிலான சராசரி இடைவெளியை எட்டிய கணத்தில், துண்டுகள் தொலைதூரத் துண்டுகளோடு பிணைந்து முழு வலையும் ஒன்றாகிவிடுகிறது. ஒற்றை வரிசையின் ஒட்டுறவு நீளம் வெப்பநிலை குறையும்போது மிக விரைவாகப் பெருகுவது என்பதால், குறுக்கிணைப்புகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் மாறுநிலை வெப்பநிலை மடக்கையின் அளவுக்கே, அதாவது மிக மெதுவாகவே, குறைகிறது. சில இணைப்புகளே போதும் என்பதன் காரணம் இதுதான்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, சீர்காழி உறவினர் தங்கள் வாய்க்காலில் இல்லை. அவர் தங்களைப் பாதிக்கிறார், தாங்கள் அவரைப் பாதிக்கிறீர்களா என்பது தெரியாது. ஈசிங் மாதிரியில் தொடர்பு இருவழிப்பட்டது. ஒருவழித் தொடர்புகள் நிறைந்த வலைக்குக் கணக்கு வேறு.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது: மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படாத ஆண்டில், ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் எல்லோரும் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தால், அது நிலைமாற்றம் அன்று. எல்லாக் காந்தங்களின் மீதும் வெளியிலிருந்து ஒரே திசையில் ஒரு புலம் செலுத்தப்பட்டதற்கு அது ஒப்பானது. வெளிப்புலம் இருக்கும்போது மாறுநிலை என்ற கூர்மையான புள்ளியே ஈசிங் மாதிரியில் மறைந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்ததைப் பார்த்து அவர்களுக்குள் வலுவான பிணைப்பு இருக்கிறது என்று முடிவு கட்டும் தவறு, சமூக ஆய்வுகளில் அடிக்கடி நேர்கிறது. வெளியிலிருந்து வரும் தூண்டுதல் எதுவும் இல்லாமலே, இரண்டு முடிவுகளும் ஏறத்தாழச் சமமான பலனைத் தரும் ஓர் ஆண்டில், வாய்க்கால் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்ததா என்று பாருங்கள். அப்படிச் சாய்ந்திருந்தால் தங்கள் கேள்வி மிக நல்ல ஆய்வுப் பொருள்.

கேள்வி: தொலைதூரத் தொடர்பு இருந்தால் மாறுநிலை அடுக்கெண்கள் எப்போதும் சராசரிப் புலக் கோட்பாட்டின் மதிப்புகளையே பெறும் என்று சொல்லலாமா?
(முதுநிலை இயற்பியல் மாணவி, திருவாரூர்)

பதில்: சொல்லக்கூடாது. பல நூல்கள் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுவதால் இந்த எண்ணம் பரவலாக உள்ளது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது காந்தமாக்கம் எந்த வேகத்தில் சுழியை அடைகிறது என்பதைக் காட்டும் எண் மாறுநிலை அடுக்கெண்களில் ஒன்று. ஒவ்வொரு காந்தமும் மற்ற எல்லாவற்றின் சராசரியை மட்டும் உணர்கிறது என்று கொள்வது சராசரிப் புலக் கோட்பாடு. அதில் இந்த எண் 1/2. மாறுநிலையிலிருந்து உள்ள வெப்பநிலை இடைவெளியை நான்கில் ஒன்றாக்கினால் காந்தமாக்கம் பாதியாகும். அண்டைத் தொடர்பு மட்டும் உள்ள இருபரிமாண ஈசிங் மாதிரியிலோ அந்த எண் 1/8. காந்தமாக்கத்தைப் பாதியாக்க, இடைவெளியை 256இல் ஒன்றாக்க வேண்டும். முப்பரிமாணத்தில் அது ஏறத்தாழ 0.326. பொருளின் வேதியியல் எதுவாயினும் இந்த எண்கள் மாறுவதில்லை; இதையே பொதுமைப்பண்பு என்கிறோம். பரிமாணம், சமச்சீர், தொடர்பின் எட்டுகை ஆகியவையே அவற்றைத் தீர்மானிக்கின்றன. இதற்கான அடிப்படையை அமைத்ததற்காகவே கென்னத் வில்சனுக்கு 1982ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

வில்சனின் முறையைக் கையாண்டு, தேய்வு அடுக்கு உள்ள தொடர்புகளுக்கு 1972இல் மைக்கேல் ஃபிஷர், மா, நிக்கல் ஆகிய மூவரும் கண்டது இதுதான்: தேய்வு அடுக்கு பரிமாணத்தின் ஒன்றரை மடங்குக்குக் கீழ் இருந்தால் மட்டுமே சராசரிப் புலத்தின் எண்கள் வரும். ஒற்றை வரிசையில் அந்த எல்லை 1.5, தளத்தில் 3, முப்பரிமாணத்தில் 4.5. அதற்கு மேல், மாறுநிலை இருந்தும் சராசரிப் புலம் பொருந்தாத ஒரு பகுதி உண்டு. அங்கே அடுக்கெண்கள் தேய்வு அடுக்கோடு சேர்ந்து தொடர்ச்சியாக மாறுகின்றன. ஒரே பரிமாணம், ஒரே சமச்சீர், ஆயினும் ஒவ்வொரு தேய்வு அடுக்குக்கும் தனித்தனி அடுக்கெண்கள்! பொதுமைப்பண்பு என்றால் ஒரு சில வகுப்புகள்தாம் என்று பழகியவர்களுக்கு இது வியப்பூட்டும். அவ்வளவிலும் ஓர் ஒழுங்கு உண்டு: சரியாக மாறுநிலையில், ஒட்டுறவு (இரு காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும் போக்கு) தொலைவோடு தேயும் அடுக்கு, பரிமாணத்தின் இரு மடங்கிலிருந்து தேய்வு அடுக்கைக் கழித்தால் வருவதாகவே இப்பகுதி முழுவதும் இருக்கிறது. தேய்வு அடுக்கு 1.75 உள்ள ஒற்றை வரிசையில் அது 0.25.

மேல் எல்லையைப் பற்றித்தான் நீண்ட விவாதம் நடந்தது. தேய்வு அடுக்கு எந்த மதிப்பைத் தாண்டினால் தொலைதூரத் தொடர்பை மறந்துவிட்டு அண்டைத் தொடர்பின் அடுக்கெண்களையே கொள்ளலாம்? முதலில் அது பரிமாணத்தோடு 2ஐக் கூட்டினால் வரும் எண் என்று கருதப்பட்டது. அப்படியானால் எல்லையில் அடுக்கெண்கள் தாவ வேண்டும். 1973இல் சாக் என்பவர் அதைத் திருத்தி, தளத்தில் எல்லை 4 அன்று, 3.75 என்றும், அங்கே அடுக்கெண்கள் தாவாமல் பொருந்திச் சேர்கின்றன என்றும் காட்டினார். அந்தக் கால் பங்கு வேறுபாடு ஆன்சாகரின் மாதிரியிலிருந்தே வருகிறது: மாறுநிலையில் அங்கு ஒட்டுறவு தொலைவின் 1/4 அடுக்கில் தேய்கிறது. 2002இல் லைட்டன், ப்ளோட்டே ஆகியோர் செய்த கணினிக் கணிப்புகள் சாக்கின் பக்கமே நின்றன. பின்னர் ஐயங்கள் எழுப்பப்பட்டு, 2017இல் பேஹன் முதலிய நால்வர் அந்த எல்லைக்கு அருகே பொருந்தும் ஒரு புதிய கோட்பாட்டு விவரிப்பை அளித்தார்கள். சாக்கின் விடை சரியானது என்பதே என் முடிவும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்டைத் தொடர்பு மட்டும் இருக்கும்போது, மாறுநிலைக்கு மேலே ஒட்டுறவு தொலைவோடு அடுக்குக்குறி விரைவில் மறையும். தொலைதூரத் தொடர்பு இருந்தால், எவ்வளவு உயர்ந்த வெப்பநிலையிலும் ஒட்டுறவு தேய்வு அடுக்கின் விதிப்படிதான் தேயும். அதைவிட விரைவாகத் தேய முடியாது. தேர்வில் 'ஒட்டுறவு நீளம்' என்று எழுதும்போது, இந்த வகை மாதிரிகளில் அதன் பொருளைத் தனியே வரையறுத்துவிட்டு எழுதுவதே முறை. மேலே விவசாய அன்பர் கேட்ட சிற்றுலக வலையமைப்பில் குறுக்கிணைப்புகள் தொலைவைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அங்கே மட்டும் தங்கள் கூற்று சரியாகிறது, சராசரிப் புலத்தின் எண்களே வருகின்றன.

கேள்வி: நோய்ப் பரவலில் ஒரு சிலர் மட்டும் நூற்றுக்கணக்கானோரைச் சந்திக்கிறார்கள். இதுவும் தொலைதூர இணைப்பு என்ற கணக்கில் சேருமா?
(செவிலியர், மயிலாடுதுறை)

பதில்: சேராது, இது இணைப்பின் நீளத்தைப் பற்றியதன்று, ஒரு கணுவுக்கு (வலையில் உள்ள ஒருவருக்கு) எத்தனை இணைப்புகள் என்பதைப் பற்றியது. 1999இல் பாராபாசி, ஆல்பர்ட் ஆகியோர் விவரித்த 'அளவிலி' வலையமைப்புகளில், மிகுதியான இணைப்புகளைக் கொண்ட கணுக்களின் பங்கு ஓர் அடுக்கு விதிப்படி குறைகிறது. அந்த அடுக்கு 3 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், முடிவிலாப் பெரிய வலையில் நோய் பரவுவதற்கான குறைந்தபட்ச வரம்பே இல்லாமற்போகும் என்று 2001இல் பாஸ்டர்-சடோரஸ், வெஸ்பிக்னானி ஆகியோர் காட்டினர். ஈசிங் மாதிரியிலும் இதே எண்தான் எல்லை: 3 வரை, எவ்வளவு உயர்ந்த வெப்பநிலையிலும் ஒழுங்கு குலைவதில்லை, 3க்கும் 5க்கும் இடையில் அடுக்கெண்கள் மாறிக்கொண்டே செல்லும், 5க்கு மேல் சராசரிப் புலம். உண்மையான ஊர்கள் முடிவிலாதவை அல்ல என்பதால் வரம்பு முற்றிலும் மறைவதில்லை, ஆனால் மிகவும் தாழ்ந்துவிடும். தங்கள் பணியைப் பொறுத்தவரை, குறைந்த தடுப்பூசிகளே இருக்கும் நிலையில், அவற்றை எல்லோருக்கும் சீராகப் பகிர்வதைவிட, அதிகம் பேரைச் சந்திப்பவர்களுக்கு முதலில் போடுவது பரவலைத் தடுப்பதில் பெரிதும் பலன் தரும் என்பது இந்தக் கணக்கின் நேரடி விளைவு.

கேள்வி: 2018 நவம்பரில் கஜா புயலின்போது எங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2012இல் வட இந்தியாவே இருண்டது. நாட்டின் மின்கட்டத்தை ஒன்றாக இணைத்திருப்பது நல்லதா, ஆபத்தா?
(ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், வேதாரண்யம்)

பதில்: தாங்கள் குறிப்பிடும் இரண்டு நிகழ்வுகளும் வலையமைப்பின் நோக்கில் முற்றிலும் வேறானவை. கஜா பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. ஊர்ப்புற வினியோகக் கம்பிகள் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து செல்பவை, வளையங்கள் இல்லாதவை. ஒரு கம்பம் சாய்ந்தால் அதற்கு அப்பால் உள்ள அனைவருக்கும் மின்சாரம் நிற்கும். ஒற்றை வரிசையில் ஒரே முறிவு ஒழுங்கைக் கெடுப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: மாற்று வழி இல்லை. தேசிய அளவில் எத்தனை இணைப்புகள் இருந்தாலும் வேதாரண்யத்தின் கடைசிக் கம்பத்துக்கு அதனால் உதவி கிடைத்திருக்காது. அங்கே வேண்டியது ஊர்களுக்கு இடையே மாற்று வழி தரும் குறுகிய இணைப்புகள்.

2012 ஜூலை 30 அன்று வடக்கு மின்கட்டமும், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டங்களும் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தென்மாநிலங்கள் தப்பின. அப்போது தெற்குக் கட்டம் மற்றவற்றோடு உயர் மின்னழுத்த நேர்மின்னோட்ட வழிகளால் மட்டும் இணைந்திருந்ததால், அலைவெண்ணின் குலைவு இங்கே கடத்தப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழி இயங்கத் தொடங்கியபின் நாடு முழுவதும் 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவெண்ணில் ஒத்தியங்குகிறது. பல அலைவிகள் ஒத்தியங்கத் தொடங்குவதும் ஒரு நிலைமாற்றமே என்பதைக் குராமோட்டோ 1975இல் காட்டினார்: பிணைப்பின் வலிமை, அலைவெண்களின் சிதறலைப் பொறுத்த ஒரு வரம்பைத் தாண்டினால்தான் ஒத்தியக்கம் தோன்றும்.

ஒரு பெரிய வழி துண்டிக்கப்பட்டால், அதில் ஓடிய மின்னோட்டம் பிற வழிகளில் பாய வேண்டும். இந்தச் சுமைமாற்றம் அண்டை வழிகளோடு நின்றுவிடுவதில்லை. சீரான இருபரிமாண வலையில் அது தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. அதாவது, கம்பிகள் குறுகியவையாக இருந்தாலும் விளைவு தொலைதூர விளைவுதான். எனவே தொலைவில் உள்ள, ஏற்கனவே முழுச்சுமையில் இயங்கும் வழி ஒன்று அடுத்ததாக விழக்கூடும். இணைப்புகள் மிகும்போது சிறு தடங்கல்கள் குறையும், அரிதாக வரும் பெருஞ்சரிவின் பரப்பு விரியும். நான் இணைப்பின் பக்கமே நிற்பேன். காற்றாலை மின்சாரம் மிகுதியாக உள்ள தமிழ்நாட்டுக்கு அது தேவை. ஆனால் நெருக்கடியில் தானாகப் பிரிந்து தனித்தீவாக இயங்கும் ஏற்பாடுகளை ஒவ்வொரு பகுதியிலும் வைத்திருந்து, அவற்றைக் காலமுறைப்படி சோதித்தும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இவையெல்லாம் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டவையா?
(கல்லூரி மாணவர், பட்டுக்கோட்டை)

பதில்: ஆம். காந்த இருமுனைகளுக்கு இடையிலான தொடர்பு ஆற்றலின் தேய்வு அடுக்கு 3. முப்பரிமாணத்தில் அது சராசரிப் புலத்துக்கு மடக்கைத் திருத்தங்களைத் தர வேண்டும் என்று 1969இல் லார்கின், க்மெல்னிட்ஸ்கி ஆகியோர் கணித்தனர். லித்தியம் டெர்பியம் ஃபுளூரைடு படிகத்தின் வெப்ப ஏற்புத்திறனில் 1975இல் அது காணப்பட்டது. அண்மைக் காலத்தில், மின்புலத்தில் வரிசையாகப் பிடித்து வைக்கப்பட்ட இட்டெர்பியம் அயனிகளுக்கு இடையே லேசர் கொண்டு தொடர்பை உருவாக்கி, அதன் தேய்வு அடுக்கைக் கொள்கையளவில் 0 முதல் 3 வரை மாற்ற முடிகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2017இல் 53 அயனிகளைக் கொண்டு இத்தகைய சோதனையை வெளியிட்டது. இவை குவாண்டம் காந்தங்கள் என்பதால், மேலே சொன்ன எல்லைகளை அப்படியே பொருத்திவிடக்கூடாது.

கேள்வி: என்னிடம் உள்ள சாதாரண மடிக்கணினியில் இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?
(இளநிலைக் கணித மாணவி, திருவையாறு)

பதில்: நிச்சயமாக உண்டு. காந்தங்களை வளையமாக அமைத்துக்கொள்ளுங்கள். முனைகளின் குறுக்கீடு வராது. 1953இல் வெளியான மெட்ரோபொலிஸ் முறையில் ஒவ்வொரு காந்தத்தையும் திருப்ப மற்ற எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால், சில நூறு காந்தங்கள் வரைதான் வசதியாக இருக்கும். கொத்துக் கொத்தாகத் திருப்பும் வுல்ஃப் முறையையும், அதைத் தொலைதூரத் தொடர்புக்கு ஏற்றவாறு 1995இல் லைட்டன், ப்ளோட்டே ஆகியோர் அமைத்த வடிவத்தையும் கற்றுக்கொண்டால், பல்லாயிரம் காந்தங்கள் வரை செல்லலாம்.

மாறுநிலை வெப்பநிலையைக் கண்டறிய, காந்தமாக்கத்தின் நான்காம் அடுக்கின் சராசரியை, அதன் இருமடிச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்து, வெவ்வேறு எண்ணிக்கைகளுக்கு வெப்பநிலையோடு வரைந்து பாருங்கள்; வளைகோடுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும். தேய்வு அடுக்கு 2இல் தொடங்க வேண்டாம். அங்கே எல்லாம் மடக்கையில் நகர்வதால், ஆயிரம் காந்தங்களிலிருந்து பத்து லட்சத்துக்குச் சென்றாலும் அந்த மடக்கை இரண்டு மடங்குதான் ஆகும். தெளிவான விடை கிடைக்காமல் மனம் சோர்ந்துவிடுவீர்கள். முதலில் 1.25ஐ எடுத்துக்கொண்டு, கண்டறிந்த மாறுநிலை வெப்பநிலையில் காந்தமாக்கத்தின் எண்ணளவுச் சராசரியைக் குறியுங்கள். காந்தங்களின் எண்ணிக்கையை 16 மடங்காக்கினால் அது ஏறத்தாழப் பாதியாக வேண்டும். பிறகு 1.75இல் அதையே செய்யுங்கள். அங்கே அது 0.71 பங்காக மட்டுமே குறைய வேண்டும். வேறு எண் வந்தால், மாறுநிலை வெப்பநிலை சற்று விலகியிருக்கிறதா என்பதை முதலில் சரிபாருங்கள், பிறகு சமநிலைக்கு வரும் முன்பே அளக்கத் தொடங்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.